மோட்டார்ஹோம் சாமான் அறை விளக்கு எரியவில்லையா? 12 வோல்ட் கோளாறைத் தேடிப் பிடிக்க ஒரு முழு வழிகாட்டி

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்து அல்கொங்குவின் பூங்காவில், லேக் ஆஃப் டூ ரிவர்ஸ் முகாமுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரவு ஒன்பதரை ஆகிவிட்டது. நல்ல மழை. கரண்டு கேபிளை எடுக்கலாம் என்று எங்கள் மோட்டார்ஹோமின், அதாவது சக்கரத்தில் ஓடும் எங்கள் வீட்டின், பக்கவாட்டுச் சாமான் அறைக் கதவைத் தூக்கினால் உள்ளே கும்மிருட்டு. கைபேசியைப் பல்லில் கவ்விக்கொண்டு, நனைந்தபடியே துழாவி எடுத்தேன்.

மறுநாள் காலையில் முதல் வேலையாகப் பல்பைக் கழற்றிவிட்டு, அதன் பிடிப்பானில் மல்டிமீட்டரை வைத்தேன். 12.5 வோல்ட் காட்டியது. கரண்டு வருகிறது, அப்படியானால் பல்புதான் போயிருக்கும் என்று புதுப் பல்பைப் போட்டேன். எரியவில்லை. இன்னொன்று போட்டேன், அதுவும் எரியவில்லை. மூன்றாவதும் கைவிட்ட பிறகுதான் அந்த 12.5-ஐ நம்பி ஏமாந்திருக்கிறேன் என்று உறைத்தது. கோளாறு பல்பிலும் இல்லை, ஃபியூஸிலும் இல்லை. எர்த் ஒயரைப் பிடித்திருந்த ஓர் ஸ்குரூவின் தலைக்கடியில் இருந்தது. ஏன் அப்படி என்பதைக் கீழே விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வண்டிகளின் விளக்குக் கோளாறுகளில் நான் அதிகம் பார்த்தது அந்த வகையைத்தான். அதற்கு முன் சுலபமான காரணங்களை வரிசையாகக் கழித்துவிட வேண்டும்.

விளக்குக்குக் கரண்டு வரும் வழி

வட அமெரிக்க மோட்டார்ஹோமில் மூன்று மின்சாரம் உண்டு. முகாமின் கம்பத்தில் கேபிளைச் சொருகினால் வருவது 120 வோல்ட் ஏசி. எஞ்சினைக் கிளப்புவதற்கும் ஹெட்லைட்டுக்கும் ஒரு 12 வோல்ட் பேட்டரி, இதை வண்டி பேட்டரி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே குடியிருக்கும் வேலைகளுக்கு, அதாவது விளக்கு, தண்ணீர் பம்ப், ஹீட்டரின் விசிறி போன்றவற்றுக்கு, இன்னொரு 12 வோல்ட் பேட்டரி. இது வீட்டு பேட்டரி. கேபிள் சொருகியிருக்கும்போது கன்வெர்ட்டர் என்ற பெட்டி 120 வோல்ட்டை 12 வோல்ட் டிசியாக மாற்றி, விளக்குக்கும் கொடுத்து, வீட்டு பேட்டரிக்கும் சார்ஜ் ஏற்றும்.

சாமான் அறை விளக்கு பெரும்பாலும் வீட்டு பேட்டரியிலிருந்து வரும். ஆனால் சில வண்டிகளில் அதை வண்டி பேட்டரியில் கொடுத்திருப்பார்கள். அது தெரியாமல் தப்பான ஃபியூஸ் பெட்டியை நோண்டி ஒரு மதியத்தை வீணாக்கியவர்களை எனக்குத் தெரியும், நானும் அதில் ஒருவன். பஸ் மாதிரி இருக்கும் பெரிய வண்டிகளில் எல்லாச் சாமான் அறை விளக்குகளுக்கும் பொதுவாக வாசல் பக்கத்தில் ஒரு சுவிட்சும் இருக்கலாம். குழந்தைகள் யாராவது அதை அணைத்திருப்பார்கள். கருவிப் பெட்டியைத் திறக்கும் முன் அதைப் பார்த்துவிடுங்கள்.

பாதை இதுதான்: பேட்டரி, அதையொட்டிய பெரிய ஃபியூஸ் அல்லது பிரேக்கர், மெயின் சுவிட்ச், ஃபியூஸ் பலகை, ஒயர், விளக்கு, கதவு சுவிட்ச், எர்த், அங்கிருந்து வண்டியின் சேஸிஸ் (அடிச்சட்டம்) வழியாக மறுபடியும் பேட்டரியின் நெகட்டிவ். கதவு சுவிட்ச் சில வண்டிகளில் விளக்குக்கு முன்னால் பாசிட்டிவ் பக்கம் இருக்கும், சிலவற்றில் விளக்குக்குப் பின்னால் எர்த் பக்கம் இருக்கும். இந்த வித்தியாசம் பின்னால் தேவைப்படும்.

கருவிகள்

ஒரு சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். கூடவே ஒரு டெஸ்ட் லேம்ப். மதுரையில் எங்கள் தெருமுனை ஆட்டோ எலக்ட்ரீஷியன் மீட்டரைத் தொட்டு நான் பார்த்ததே இல்லை. ஒரு 12 வோல்ட் பல்பு, அதில் இரண்டு ஒயர், அவ்வளவுதான் அவருடைய ஆய்வுக்கூடம். சின்ன வயதில் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். மீட்டரைவிட அந்தப் பல்பு எவ்வளவு நம்பகமானது என்று அல்கொங்குவினில்தான் புரிந்தது. எல்.இ.டி. வைத்த டெஸ்டர் வேண்டாம், இழை உள்ள பல்பே வேண்டும்.

இன்னும் வேண்டியவை: இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் போட்ட ஏழெட்டு மீட்டர் ஒயர் ஒன்று, ஒயர் உரிக்கும் பிளையர், இணைப்பியை ஒயரோடு நசுக்கிப் பிடிக்க வைக்கும் கிரிம்ப் பிளையர், உப்புத்தாள், சின்ன ஒயர் பிரஷ், சில உதிரி ஃபியூஸ்கள், உதிரி பல்புகள். இதில் ஆட்கள் வாங்காமல் விடுவது அந்த நீள ஒயரைத்தான். கடையில் தேடவே வேண்டாம், மிச்சம் மீதி ஒயரில் நீங்களே செய்துகொள்ளலாம்.

தொடுவதற்கு முன்

12 வோல்ட் உங்களை ஷாக் அடிக்காது. ஆனால் பேட்டரியின் இரு முனைகளுக்கு நடுவே ஸ்பேனரோ மோதிரமோ மாட்டினால் நூற்றுக்கணக்கான ஆம்பியர் பாய்ந்து, மோதிரம் பழுத்துச் சிவந்து விரலோடு வெந்துவிடும். மோதிரத்தையும் கைச்சங்கிலியையும் கழற்றி வையுங்கள். பேட்டரி ஒயரைக் கழற்றுவதானால் நெகட்டிவை முதலில் கழற்ற வேண்டும், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்ட வேண்டும்.

அப்புறம் நிறக் குழப்பம். வட அமெரிக்க மோட்டார்ஹோம்களில் வீட்டுப் பகுதியின் 12 வோல்ட் பாசிட்டிவ் பல வண்டிகளில் கறுப்பு ஒயர், எர்த் வெள்ளை. அதே வண்டியின் 120 வோல்ட் ஏசியிலும் கறுப்புதான் உயிருள்ள ஒயர், வெள்ளை நியூட்ரல். அதே வண்டியின் எஞ்சின் பகுதிக்குப் போனால் கறுப்பு எர்த்தாக இருக்கும். கறுப்பைப் பார்த்ததும் எர்த் என்று முடிவு கட்டுபவர் இந்த வண்டியில் இரண்டு விதமாக மாட்டிக்கொள்வார். நிறத்தை நம்பாமல் ஒவ்வொரு ஒயரையும் அளந்து பாருங்கள். கன்வெர்ட்டர் பலகையைத் திறந்து உள்ளே கை விடுவதானால் கேபிளைப் பிடுங்கி, ஜெனரேட்டரையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட்டுத்தான்.

புரொப்பேன் வாடை அடித்தால் எந்த சுவிட்சையும் தட்டாதீர்கள். சிலிண்டரை மூடிவிட்டுத் தள்ளிப் போங்கள். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது, தாழ்வான அறைகளில்தான் தேங்கும். நாம் வேலை பார்க்கப் போகும் இடமும் அதுதான்.

முதல் படி: எத்தனை விளக்கு எரியவில்லை?

இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும். எல்லாக் கதவையும் திறந்து வைத்துவிட்டு வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள்.

ஒரே ஒரு விளக்கு மட்டும் எரியவில்லை என்றால் பல்பு, பிடிப்பான், கதவு சுவிட்ச், அந்த விளக்கின் எர்த் ஆகிய நான்கில் ஒன்று. ஃபியூஸைப் பார்க்கவே வேண்டாம். ஒரு பக்கத்து அறைகள் எல்லாம் எரியவில்லை என்றால் ஃபியூஸ், பொது எர்த், இல்லாவிட்டால் நடுவில் ஒரு ஒயர் இணைப்பு. வண்டிக்குள் இருக்கும் விளக்குகளும் சேர்ந்து எரியவில்லை என்றால் பேட்டரி அல்லது மெயின் சுவிட்ச்.

கேபிள் சொருகினால் எல்லாம் எரிகிறது, பிடுங்கினால் எல்லாம் அணைகிறது என்றால் பேட்டரிக்கும் பலகைக்கும் நடுவில் பாதை அறுந்திருக்கிறது. மெயின் சுவிட்ச் 'ஸ்டோர்' நிலையில், அதாவது பேட்டரியைத் துண்டித்த நிலையில், இருக்கலாம், பேட்டரி பக்கத்து பிரேக்கர் போயிருக்கலாம், அல்லது கன்வெர்ட்டரில் தலைகீழ் இணைப்பிலிருந்து காக்க வைத்திருக்கும் பெரிய ஃபியூஸ்கள் உருகியிருக்கலாம். பேட்டரியை யாராவது ஒரு நொடி மாற்றி மாட்டினாலே அந்த ஃபியூஸ்கள் போய்விடும். குளிர்காலம் முடிந்து பேட்டரியைத் திரும்ப மாட்டிய வாரத்தில் இந்தக் கோளாறு வந்தால் வேறெங்கும் தேட வேண்டாம்.

இரண்டாவது படி: பேட்டரியும் ஃபியூஸும்

கேபிளைப் பிடுங்கி, சில மணி நேரம் ஓய்வில் விட்டபின் அளந்தால் ஈய அமில பேட்டரி நிறைந்திருக்கும்போது 12.6 முதல் 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12.0-க்குக் கீழே போனால் விளக்கைக் குறை சொல்வதில் அர்த்தமில்லை, முதலில் சார்ஜ் ஏற்றுங்கள். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி மாற்றியிருந்தால் நிறைந்த நிலையில் 13.3 வாக்கில் நிற்கும், அதற்கு மேற்சொன்ன கணக்குப் பொருந்தாது.

ஃபியூஸ்கள் தட்டையான பிளேடு வகை. நிறமே ஆம்பியரைச் சொல்லிவிடும்: பழுப்பு மஞ்சள் 5, பழுப்பு 7.5, சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. கண்ணால் பார்த்து நல்லது என்று சொல்லாதீர்கள், முடியளவு விரிசல் கண்ணுக்குத் தெரியாது. ஃபியூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் இருக்கும். கழற்றாமலேயே டெஸ்ட் லேம்பின் ஒரு முனையை எர்த்தில் மாட்டி, மறு முனையால் இரண்டு புள்ளிகளையும் தொடுங்கள். இரண்டிலும் எரிந்தால் ஃபியூஸ் நல்லது. ஒன்றில் மட்டும் எரிந்தால் போய்விட்டது. இரண்டிலும் எரியவில்லை என்றால் ஃபியூஸுக்கே கரண்டு வரவில்லை.

சில பலகைகளில் ஃபியூஸ் போனால் பக்கத்தில் குட்டிச் சிவப்பு விளக்கு எரியும். நல்ல வசதிதான், ஆனால் அந்தப் பாதையில் ஏதாவது ஒரு விளக்கு போட்டிருந்தால்தான் அது எரியும். கதவெல்லாம் மூடியிருந்தால் ஃபியூஸ் போயிருந்தும் சிவப்பு விளக்கு வாய் திறக்காது. ஆகவே பலகையைப் பார்க்கப் போகும் முன் சாமான் அறைக் கதவைத் திறந்துவிட்டுப் போங்கள்.

போன ஃபியூஸை அதே ஆம்பியர் உள்ளதால் மட்டுமே மாற்ற வேண்டும். 14 கேஜ் (கேஜ் என்பது ஒயரின் தடிமனைச் சொல்லும் எண்) ஒயருக்கு 15 ஆம்பியர்தான் எல்லை. அதில் 30 ஆம்பியர் ஃபியூஸைப் போட்டால் அடுத்த ஷார்ட்டில் ஒயரே ஃபியூஸாகிவிடும். அந்த ஒயர் ஓடுவதோ ஒட்டுப்பலகைக்கும் தெர்மோகோலுக்கும் நடுவில்.

மூன்றாவது படி: பல்பும் பிடிப்பானும்

பழைய வண்டிகளில் நான்கைந்து வகை பல்புகள் வரும். கண்ணாடி அடியையே நேராகச் சொருகும் 921 வகை, திருகி மாட்டும் 1141 மற்றும் 1156, இரு முனையிலும் கூம்பு வைத்த ஃபெஸ்டூன், சின்ன 194. எண் பல்பின் அடியில் பொடியாக எழுதியிருக்கும். 1141 சுமார் 1.4 ஆம்பியர் இழுக்கும், 1156 இரண்டு ஆம்பியருக்குக் கொஞ்சம் மேல். இரண்டும் ஒரே பிடிப்பானில் உட்காரும் என்பதால் 1141 இருந்த இடத்தில் வெளிச்சம் போதவில்லை என்று 1156-ஐப் போடுகிறவர்கள் உண்டு. பிளாஸ்டிக் மூடி சூட்டில் மஞ்சளாகி, தொய்ந்துபோவது அப்படித்தான்.

பல்பை நேராகப் பேட்டரியில் தொட்டுப் பார்த்தாலே அது உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எரிந்தால் பிடிப்பானைப் பாருங்கள். உள்ளே இருக்கும் பித்தளைத் தகடுகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருக்கும், அல்லது சூட்டில் தளர்ந்து பல்பைப் பிடிக்காமல் நிற்கும். ஃபியூஸைக் கழற்றிவிட்டு உப்புத்தாளைச் சுருட்டித் தேய்த்து, ஊசிமூக்குப் பிளையரால் தகட்டை லேசாக உள்பக்கம் நெளித்துவிட்டால் பாதிப் பிடிப்பான்கள் பிழைத்துக்கொள்ளும்.

எல்.இ.டி. பல்பு போட்டு எரியவில்லை என்றால் முதலில் அதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். இழை பல்புக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான், எல்.இ.டி.க்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் உண்டு. சிரிப்பாக இருக்கும், ஆனால் இந்த ஒரு காரணத்துக்காகவே நல்ல பல்பைக் கடையில் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

நான்காவது படி: கதவு சுவிட்ச்

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் இருப்பது மாதிரி அழுத்தும் பொத்தான் வகைதான் அதிகம். கதவு மூடினால் பொத்தான் உள்ளே போகும், திறந்தால் ஸ்பிரிங் வெளியே தள்ளும். தூசியும் சாலை உப்பும் சேர்ந்து பொத்தான் உள்ளேயே சிக்கிக்கொள்ளும். விரலால் நாலு தடவை அமுக்கி விட்டாலே சில சமயம் விளக்கு வந்துவிடும். வந்தாலும் நம்பாதீர்கள், அடுத்த மழைக்கு மறுபடி சிக்கும்.

இரண்டாவது, காந்த வகை. கதவில் ஒரு காந்தம், சட்டத்தில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி. கதவு தொய்ந்து காந்தம் விலகினால் மூடிய பிறகும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். ஃப்ரிட்ஜில் ஒட்டும் காந்தம் ஒன்றை அந்தப் பெட்டி அருகே கொண்டுபோய்ச் சோதிக்கலாம். விளக்கு அணைந்தால் சுவிட்ச் நல்லது, காந்தத்தின் இடம்தான் தப்பு.

மூன்றாவது, மேல்நோக்கித் திறக்கும் பழைய மூடிகளில் வரும் பாதரச வகை. மூடி சாய்ந்தால் கண்ணாடிக் குப்பிக்குள் பாதரசம் உருண்டு இரண்டு கம்பிகளை இணைக்கும். வண்டி சரிவில் நின்றால் அதுவே தானாக எரியவும் கூடும். உடைக்காமல் கழற்றி, அபாயக் கழிவு வாங்கும் இடத்தில் கொடுத்துவிட்டுக் காந்த வகையைப் போடுங்கள்.

சுவிட்சைக் குறுக்கே இணைத்துச் சோதிக்கும் முன் அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஒற்றை ஒயர் மட்டும் வந்து, தன் உலோக உடம்பையே எர்த்தாகப் பயன்படுத்தும் பொத்தான் என்றால் அது எர்த் பக்க சுவிட்ச். இரண்டு ஒயர் வந்தால் சந்தேகம். பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு இரண்டு ஒயரையும் எர்த்தோடு வைத்து அளங்கள். எதிலாவது 12 வோல்ட் காட்டினால், பல்பைக் கழற்றிவிட்டு மறுபடி அளங்கள். இப்போது 12 வோல்ட் மறைந்துவிட்டால் அது பல்பு வழியாக வந்த கரண்டு, அதாவது சுவிட்ச் எர்த் பக்கம். மறையவில்லை என்றால் பாசிட்டிவ் பக்கம், அந்த ஒயரை எர்த்தில் தொட்டால் ஃபியூஸ் போகும்.

உலோக உடம்பை எர்த்தாக நம்பும் பொத்தான்களில் கோளாறு பொத்தானில் இருப்பதைவிட அதன் மரைக்கும் சட்டத்துக்கும் நடுவில் பிடித்த துருவில் இருப்பதுதான் அதிகம். புதிது வாங்கும் முன் கழற்றி, துளையின் ஓரத்தைப் பளபளவென்று சுரண்டிவிட்டு மாட்டிப் பாருங்கள்.

ஐந்தாவது படி: 12 வோல்ட் காட்டும், ஆனால் எரியாது

இப்போது என் கதைக்கு வருகிறேன். டிஜிட்டல் மீட்டரின் உள் மின்தடை பொதுவாக 10 மெகா ஓம். அதாவது ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவுக்குத்தான் அது கரண்டு எடுக்கும். ஒயரின் வழியில் எங்கோ களிம்பு பிடித்து ஆயிரம் ஓம் தடை இருந்தாலும், அவ்வளவு சொற்பக் கரண்டு அதைத் தாண்டி வந்துவிடும். மீட்டர் முழு 12 வோல்ட் காட்டும். ஆனால் பல்புக்கு வேண்டியது ஒன்றரை ஆம்பியர். அது அந்த வழியில் வராது. குழாயின் வாயை அடைத்துவிட்டு அழுத்தம் பார்த்தால் முழு அழுத்தம் இருக்கும், திறந்தால் சொட்டுச் சொட்டாக வரும் இல்லையா, அதேதான்.

ஆகவே விதி ஒன்றே: பல்பு மாட்டியிருக்க, சுவிட்ச் போட்டிருக்க அளக்க வேண்டும். அன்று பல்பை மாட்டிவிட்டு அதே இடத்தில் அளந்தபோது 12.5 இருந்த இடத்தில் ஒரு வோல்ட்கூட இல்லை.

அடுத்து, தடை எந்தப் பக்கம்? அந்த நீள ஒயர் இதற்குத்தான். ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவில் மாட்டி, மறு முனையை மீட்டரின் கறுப்புக் கம்பியில் கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டியின் எந்த மூலைக்குப் போனாலும் இனி உங்கள் கையில் நம்பகமான எர்த் இருக்கிறது. சிவப்புக் கம்பியால் விளக்கின் பாசிட்டிவ் முனையைத் தொடுங்கள். பேட்டரியில் இருப்பதைவிட அரை வோல்ட்டுக்குள் குறைந்திருந்தால் பாசிட்டிவ் பக்கம் சரி. பிறகு விளக்கின் நெகட்டிவ் முனையைத் தொடுங்கள். அங்கே 0.1 அல்லது 0.2 வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. எனக்கு அங்கே 12 சொச்சம் காட்டியது. பல்பு வழியாக வந்த அழுத்தம் வெளியேற வழியில்லாமல் அப்படியே தேங்கி நிற்கிறது என்று பொருள். எர்த் கெட்டிருக்கிறது.

கண்டுபிடித்ததை உறுதி செய்ய, நீள ஒயரை மீட்டரிலிருந்து கழற்றி விளக்கின் நெகட்டிவ் முனையில் நேராகத் தொடுங்கள். விளக்கு பளிச்சென்று எரியும். அந்த வினாடியின் சந்தோஷத்துக்காகவே இந்த வேலையைச் செய்யலாம்.

அறையின் பின்பக்கக் கம்பளத்தை உரித்தபோது வெள்ளை ஒயர் ஒன்று, முனையில் மாட்டும் வட்ட உலோக வளையமான லக்கோடு, ஒரு தகர ஸ்குரூவால் அலுமினியச் சட்டத்தில் முடுக்கப்பட்டிருந்தது. ஸ்குரூ இரும்பு, லக் வெள்ளீயம் பூசிய செம்பு, சட்டம் அலுமினியம். மூன்று உலோகம், நடுவில் ஒன்டாரியோவின் குளிர்காலச் சாலை உப்புத் தண்ணீர். அலுமினியம் பலியாகி வெள்ளை மாவாக உதிர்ந்து, ஸ்குரூவைச் சுற்றித் துளை பெரிதாகியிருந்தது. விரலால் தட்டினேன், ஸ்குரூ கையோடு வந்துவிட்டது.

முழுதாகக் கெட்ட எர்த்தைக் கண்டுபிடிப்பது சுலபம். பாதி கெட்ட எர்த்துதான் ஆளைச் சுற்றவிடும். 2 ஆம்பியர் பல்பின் சூடான தடை 6 ஓம். வழியில் 2 ஓம் சேர்ந்துகொண்டால் பல்புக்குக் கிடைப்பது 9 வோல்ட். இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டைவிட வேகமாகச் சரியும் என்பதால் 9 வோல்ட்டில் பாதி வெளிச்சம்கூட இருக்காது, செம்மண் நிறத்தில் மினுங்கும். அதே இடத்தில் 0.2 ஆம்பியர் எல்.இ.டி.யைப் போட்டால் இழப்பு 0.4 வோல்ட்தான், பிரகாசமாக எரியும். எல்.இ.டி. போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது என்று பலர் சொல்வதன் பின்னணி இது. களிம்பு அங்கேயேதான் இருக்கிறது, வளர்ந்துகொண்டும் இருக்கிறது.

பாசிட்டிவ் பக்கம் குறைகிறது என்றால் ஒவ்வொரு இணைப்பாகப் பின்னோக்கிப் போங்கள். ஒயரை உரிக்காமல் கவ்விப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப்புகள், திருகு மூடிகள் இரண்டையும் முதலில் சந்தேகப்படுங்கள். வீட்டுச் சுவருக்குள் அசையாமல் கிடக்கும் ஒயருக்குத் திருகு மூடி சரி. மணிக்கு 100 கிலோமீட்டரில் குலுங்கும் வீட்டுக்கு அது சரிப்படாது.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால்

இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. ஃபியூஸைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் ஒரு 1156 பல்பை ஒயர் வைத்து மாட்டுங்கள். ஷார்ட் இருக்கும் வரை அந்தப் பல்பு முழுப் பிரகாசமாக எரியும். கரண்டு இரண்டு ஆம்பியரைத் தாண்டாது, ஒயருக்கும் ஆபத்தில்லை. ஃபியூஸ் ஒன்று மாற்றி ஒன்று எரித்து டப்பாவைக் காலி செய்ய வேண்டியதில்லை.

இப்போது அந்தப் பாதையிலுள்ள பல்புகளையெல்லாம் கழற்றிவிட்டு, இணைப்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்துக்கொண்டே போங்கள். எதைப் பிரித்ததும் 1156 அணைகிறதோ, அதற்கு அப்பால்தான் ஷார்ட். ஒருவர் பல்பைப் பார்த்துக் குரல் கொடுக்க, இன்னொருவர் ஒயரை அசைத்துப் பார்க்க வேண்டும். என் மனைவி பலகையின் முன் உட்கார்ந்து "எரியுது, எரியுது, ஆங், அணைஞ்சிருச்சு!" என்று சொன்ன இடத்தில் பார்த்தால், முந்தைய வாரம் குழாய்ச் சுருளைத் தொங்கவிட நானே அடித்த கொக்கியின் ஸ்குரூ சுவருக்குப் பின்னால் ஓடிய ஒயரைத் துளைத்திருந்தது. அந்தப் பயணத்தில் அதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை.

சொந்தக் கைவரிசை இல்லையென்றால் எலியைச் சந்தேகப்படுங்கள். குளிர்காலம் முழுக்க நிறுத்திவைத்த வண்டியில் அவை ஒயர் உறையைக் கடித்திருக்கும், பக்கத்தில் புழுக்கையும் பஞ்சும் கிடக்கும். வெளியே நீளும் அறையின் அடியில் மடங்கி மடங்கி நிமிரும் ஒயர்க் கற்றையும் பார்க்க வேண்டிய இடம்.

அணையாத விளக்கு

எரியாத விளக்கைவிட மோசமானது கதவு மூடிய பிறகும் எரியும் விளக்கு. 1.4 ஆம்பியர் பல்பு ஒரு நாளில் ஏறக்குறைய 34 ஆம்பியர் மணி குடித்துவிடும். 100 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றரை நாளில் பாதி காலி. நாமோ பேட்டரி கெட்டுவிட்டது என்று புதிது வாங்கப் போவோம்.

மூடிய அறைக்குள் எரிகிறதா என்று எப்படிப் பார்ப்பது? கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு உள்ளே வைத்துக் கதவை மூடுங்கள். பத்து எண்ணிவிட்டுத் திறந்து வீடியோவைப் பாருங்கள். இரண்டு நிமிடத்தில் எல்லா அறைகளையும் இப்படிப் பார்த்துவிடலாம். எரிகிறது என்றால் பொத்தானைக் கதவு முழுதாக அமுக்கவில்லை. கதவின் உள்பக்கம் பொத்தான் படும் இடத்தில் ஒரு ரப்பர் துண்டை ஒட்டினால் தீர்ந்தது.

சரி செய்வது

பழைய துளையில் பெரிய ஸ்குரூ போட்டு முடுக்குவது வேலைக்காகாது. நான் புது எர்த் ஒயர் ஒன்றை எஃகு சேஸிஸ் வரை இழுத்தேன். பெயின்ட்டைச் சுரண்டி, வெறும் உலோகம் தெரிந்த பிறகு, துருப்பிடிக்காத போல்ட், பல் வாஷர், மறுபக்கம் நட்டு. முடுக்கிய பின் மேலே கிரீஸோ பெயின்ட்டோ பூசி மூடிவிட வேண்டும். தகர ஸ்குரூ எதையும் எர்த்துக்குப் பயன்படுத்தாதீர்கள். 16 கேஜ் ஒயர் ஒரு மீட்டருக்கு 0.013 ஓம் தடைதான் தரும், ஆகவே விளக்குக்கு அது தாராளம், தடிமனைப் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம்.

ஒயரை ஒயரோடு சேர்க்க, உள்ளே பசை தடவிய சுருங்கு குழாயோடு வரும் கிரிம்ப் இணைப்பிகளை வாங்குங்கள். கிரிம்ப் செய்ததும் ஒரு தரம் இழுத்துப் பார்க்க வேண்டும். கையோடு வந்தால் நல்லதாகப் போயிற்று, சாலையில் வருவதற்குப் பதில் இங்கேயே வந்துவிட்டது. பிறகு சூடு காட்டினால் பசை உருகி முனையில் பிதுங்கும், அதுதான் தண்ணீரைத் தடுக்கும். வெறும் இன்சுலேஷன் டேப் சுற்றினால் இரண்டு கோடையில் பிசுபிசுத்து அவிழ்ந்துவிடும்.

எல்.இ.டி.க்கு மாறுவதானால், 10 முதல் 30 வோல்ட் வரை தாங்கும் என்று எழுதியதாகப் பாருங்கள். கன்வெர்ட்டர் வேகமாகச் சார்ஜ் ஏற்றும்போது 14.4 வோல்ட் வரை போகும். வெறும் ரெசிஸ்டர் வைத்த மலிவு பல்புகள் அதில் சூடேறி, மினுக்கி, சீக்கிரம் சாகும். அவசரமாக மாற்ற வேண்டுமென்றால் கதவு சுவிட்ச் அடிக்கடி சிக்கும் அறையிலிருந்து தொடங்குங்கள். அங்கே விளக்கு ராத்திரி முழுக்க எரிந்துபோனாலும் 0.2 ஆம்பியர்தான், காலையில் வண்டியில் பேட்டரி மிச்சமிருக்கும்.

எல்லாம் முடிந்ததும் எந்த அறை எந்த ஃபியூஸ், எர்த் எங்கே முடுக்கியிருக்கிறது, எந்த ஒயர் என்ன நிறம் என்று ஒரு அட்டையில் எழுதி, ஃபியூஸ் பலகையின் கதவுக்கு உள்பக்கம் ஒட்டுங்கள். பென்சிலில் எழுதுங்கள், என் வண்டியில் பேனாவில் எழுதியது ஒரே கோடையில் வெளிறிப்போய் இப்போது 'முன் இடது' என்ற இரண்டு வார்த்தை மட்டும்தான் தெரிகிறது.